டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத பத்தி

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர் அவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "மத்தது எல்லாத்தையும் எழுதுடா" என்றும் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

பைக் விபத்து. முதுகெலும்பு நொறுங்கி, டி-8 மட்டத்தில் தண்டுவடம் முழுதாக அறுபட்டது. தொப்புளுக்குச் சற்று மேலே தொடங்கி கால் விரல் வரை உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் அவருடைய மாமனாரை ஓரமாக அழைத்து, "அந்த விஷயமெல்லாம் இனிமே எதிர்பார்க்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். மாமனாரிடம். கட்டிலில் முழு நினைவோடு படுத்திருந்தவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் அம்மா ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கீழே எதுவும் தெரியாது. அம்மாவின் முகம் மாறியதைத்தான் முதலில் பார்த்தார். அம்மா துண்டைப் போட்டு மூடிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அப்பா துடைத்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. "எனக்குள்ள ஏதோ அசிங்கம் புடிச்ச மிருகம் இருக்குன்னு நெனச்சேன்டா. பெத்த தாய் தொட்டாக்கூட இப்படி ஆகுதேன்னு." இப்படியே ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர், படுக்கைப்புண், மலம் வெளியேற மாத்திரை, பிசியோதெரபி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு பத்தி மட்டும் இல்லை. என்னுடைய சண்டை அந்த இல்லாத பத்தியோடுதான்.

அது எழுதப்படாததற்கு அறிவியல் போதாததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று ஒரு எகிப்திய மருத்துவச் சுவடி இருக்கிறது. நம் கைக்குக் கிடைத்திருக்கும் பிரதி ஏறக்குறைய கி.மு. 1600ஐச் சேர்ந்தது. அதில் 31ஆவது நோயாளிக்குக் கழுத்தெலும்பு விலகியிருக்கிறது. கை கால் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, சிறுநீர் அவனறியாமல் ஒழுகுகிறது, குறி விறைத்திருக்கிறது. இது சிகிச்சை செய்ய முடியாத நோய் என்று முடித்துவிடுகிறார் வைத்தியர். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்திருக்கிறார். மூவாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் நாணல் தாளில் இடம் கிடைத்த ஒரு விஷயத்துக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியின் ஏ4 தாளில் இடமில்லை.

உடம்பைப் பற்றி நம் எல்லோர் மனதிலும் ஒரு வயரிங் படம் இருக்கிறது. மேலே மூளை என்கிற சுவிட்ச், கீழே பல்பு, நடுவில் ஒற்றை ஒயர். ஒயர் அறுந்தால் பல்பு எரியாது. அந்த வராந்தா டாக்டர் படித்தது வேறாக இருக்கும், ஆனால் பேசியது இந்தப் படத்தை வைத்துத்தான். படம் தப்பு. தண்டுவடம் வெறும் ஒயர் அல்ல, அதற்குள்ளேயே சர்க்யூட்டுகள் இருக்கின்றன. உள்ளீட்டை வாங்கி, கூட்டிக் கழித்து, வெளியீட்டைத் தாமே அனுப்புகிறவை.

விறைப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தண்டுவடத்தின் அடிமுனையில், எஸ்-2 முதல் எஸ்-4 வரையுள்ள பகுதியில். தொடுகை அங்கே போய்ச் சேரும். அங்கிருந்தே பதில் திரும்பும். அந்த நரம்பின் முனையில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, ரத்தக் குழாய்ச் சுவரின் தசைகள் தளர்ந்து, ரத்தம் நிரம்பும். இந்தச் சுற்றில் மூளை எங்கேயும் வரவில்லை. இன்னொரு வழி கொஞ்சம் மேலே, டி-11 முதல் எல்-2 வரை. பார்த்தது, நினைத்தது, கனவில் வந்தது எல்லாம் மூளையிலிருந்து இறங்கி வரும் பாதை இது. ஆக, அடிபட்ட இடம் எது என்பதைப் பொறுத்து ஒன்று போகும், இன்னொன்று நிற்கும். டி-8இல் முழுதாக அறுபட்டவருக்கு நினைப்பு கீழே வந்து சேராது. தொடுகைக்கான சர்க்யூட்டோ காயத்துக்கு வெகு கீழே சேதமில்லாமல் இருக்கிறது. காயம்பட்ட முதல் சில வாரம் தண்டுவடம் அதிர்ச்சியில் ஊமையாகக் கிடக்கும். பிறகு அனிச்சைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அண்ணனுக்கு அந்தக் காலையில் நடந்தது அதுதான். மருத்துவ ரீதியில் அது நல்ல செய்தி! கீழ்த் தண்டுவடம் உயிரோடு இருக்கிறது என்பதற்கான சாட்சி. அம்மா, ஈரத்துண்டு, மிருகம் எதற்கும் அதில் பங்கில்லை. முழங்காலில் டாக்டர் சுத்தியலால் தட்டினால் கால் உதைக்குமே, அந்த ஜாதி.

விந்து வெளியேற்றம் இதைவிடச் சிக்கலானது. அதில் வரிசை இருக்கிறது. முதலில் டி-10 முதல் எல்-2 வரையுள்ள பரிவு நரம்புகள் விந்துப்பையையும் புராஸ்டேட்டையும் சுருக்கி, சிறுநீர்ப்பையின் வாயை மூட வேண்டும். அதன் பிறகு எஸ்-2 முதல் எஸ்-4 வரையுள்ள ஓனஃப் உட்கருவிலிருந்து அடித்தசைகளுக்குத் தாளமாகக் கட்டளை போக வேண்டும். வரிசை மாறினால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். இந்த வரிசையை நடத்துவது யார்? மூளையாகத்தான் இருக்கும் என்றுதான் எந்த சாஃப்ட்வேர்காரனும் சொல்வான். நானும் சொல்லியிருப்பேன்.

2002இல் வில்லியம் ட்ரூயிட், லிக் கூலன் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு எலி ஆய்வை வெளியிட்டார்கள். எலியின் இடுப்புத் தண்டுவடத்தில், எல்-3, எல்-4 மட்டத்தில், நடுக்கால்வாயைச் சுற்றி ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம். அந்த அணுக்களை மட்டும் தேடிப்போய்க் கொல்லும் ஒரு நச்சைச் செலுத்தினார்கள். எலிகள் பெண் எலியைத் தேடின, ஏறின, புணர்ந்தன, எல்லாம் வழக்கம்போல. விந்து வெளியேற்றம் மட்டும் நடக்கவே இல்லை. ஆசை, முயற்சி, விறைப்பு எல்லாம் இருந்தும் கடைசி வரி மட்டும் அழிந்துபோன புரோகிராம். 2017இல் ஒரு பிரெஞ்சுக் குழு, இறந்தவர்களின் தண்டுவடத்தையும் தண்டுவடம் காயப்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, மனிதர்களிடமும் அது எல்-3 முதல் எல்-5 வரையுள்ள பகுதியில் இருப்பதாகக் காட்டியது.

டி-8 எங்கே, எல்-3 எங்கே? அண்ணனுக்கு அறுந்தது மேலே. நான் இதுவரை சொன்ன எல்லா மையங்களும் கீழே, ஒன்றோடொன்று இணைப்பு அறாமல். டென்மார்க்கில் 1994இல் அளந்தே சொல்லிவிட்டார்கள்: 2.5 மில்லிமீட்டர் வீச்சு, நொடிக்கு 100 அதிர்வு. இப்படி ஒரு அதிர்வுக் கருவியைக் குறியின் நுனியில் வைத்தால், காயம் டி-10 அல்லது அதற்கு மேலே இருக்கும் ஆண்களில் பெரும்பாலோருக்கு விந்து வெளிவரும். எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், உயிரணுக்களின் நீந்தும் வேகம்தான் குறையும். அதற்கும் கருத்தரிப்புச் சிகிச்சையில் வழி உண்டு. ஒரு எச்சரிக்கையை மட்டும் தவறாமல் சொல்ல வேண்டும்: காயம் டி-6 அல்லது அதற்கு மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தூண்டலால் ரத்த அழுத்தம் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும் அளவு ஏறலாம். முதல்முறை ஆஸ்பத்திரியில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். சொல்லாமல் விடுவதன் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. யாரும் சொல்லித் தராவிட்டால் மனிதர்கள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்ப்பார்கள்.

இங்கே ஜைல்ஸ் பிரிண்ட்லியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி. பார்வையற்றவர்களின் மூளையில் மின்முனைகளைப் பதித்து ஒளிப்புள்ளிகளைக் காட்டியவர். தண்டுவடம் அறுந்தவர்கள் பொத்தானை அழுத்திச் சிறுநீர் கழிக்க உதவும் கருவியை உருவாக்கியவர். பாதி நேரத்தில் பஸூன் என்கிற ஊதுகருவியை மின்னணு முறையில் மாற்றியமைத்துக்கொண்டிருந்தார். 1983இல் லாஸ் வேகாஸில் சிறுநீரகவியல் மாநாடு. ஐம்பத்தேழு வயதை நெருங்கியிருந்த மனிதர் டிராக்சூட்டில் மேடை ஏறினார். ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தைக் குறிக்குள் ஊசியாகச் செலுத்தினால் விறைப்பு வரும் என்பது அவர் வாதம். படங்களைக் காட்டினார். பிறகு, விரிவுரை நிகழ்த்துவதில் சாதாரண மனிதன் எவனுக்கும் காமம் கிளம்பாது என்பதை ஒப்புக்கொள்வீர்கள்தானே என்கிற தொனியில் பேசிவிட்டு, அறையைவிட்டுக் கிளம்புமுன் தானே ஊசி போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னார். கால்சட்டையை இறக்கினார். அதோடு நிற்கவில்லை, செயற்கையான எதுவும் உள்ளே இல்லை என்று டாக்டர்கள் உறுதிசெய்துகொள்ளட்டும் என மேடையிலிருந்து இறங்கி அவர்களை நோக்கி நடந்தார். முன்வரிசையில் மனைவிகளும் இருந்தார்கள், அலறல் கேட்டது என்று அங்கே இருந்த ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் விறைப்பும் ஆசையும் ஒன்றல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான நிரூபணம் இருக்கிறதா? கூச்சம் என்கிற விலையைத் தானே கொடுத்துவிட்டார் அவர். நம்மூரில் அந்த விலையை நோயாளி கொடுக்கிறான்.

இப்போது நம்முடைய மேதாவிகளிடம் வருவோம். வார இதழ்களின் கேள்வி பதில் பகுதியும் யூடியூப் ஆலோசகர்களும் இருபது வருடமாகச் சொல்லிவரும் வாசகம் ஒன்று உண்டு: 'எல்லாம் மனசுதாங்க.' மனதால் வரும் பிரச்சினைகள் நிச்சயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் நரம்பு பழுதடைந்தவனிடமும், புராஸ்டேட் அறுவையில் நரம்பு போனவனிடமும், முதுகில் அடிபட்டவனிடமும் அதையே சொல்வதற்கு என்ன அர்த்தம்? உன் மனம் பலவீனம் என்று அர்த்தம். முன்பு 'விந்தை வீணாக்கினாய்' என்று பயமுறுத்தினார்கள். விந்து போவதால் உடம்பு கரைவதாக அஞ்சுகிற இந்த நோய்க்கு 1960இல் 'தாத்' என்றே பெயர் வைத்தார் என்.என்.விக். இப்போது கோட் போட்டுக்கொண்டு 'பாசிட்டிவ்வா இருங்க' என்கிறார்கள். இரண்டும் ஒரே குற்றச்சாட்டு. இரண்டிலும் நரம்பு கிடையாது, ஒழுக்கம் மட்டும்தான்.

எனக்கு எரிச்சலூட்டுவது 'ஆண்மை' என்கிற சொல். ஒரு ரத்தக் குழாயின் வேலை, ஒரு தசையின் தாளம், வீரம், பிள்ளை பெறும் தகுதி, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறோம். கோடிங்கில் ஒரே வேரியபிளை ஐந்து வேலைக்குப் பயன்படுத்தினால் கோட் ரிவ்யூவில் காறித் துப்புவார்கள். திருவள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லைப் பிறன் மனைவியைப் பார்க்காமலிருப்பதற்குப் பயன்படுத்துகிறார், அடக்கிக்கொள்வதற்கு. விஷயம் தெரிந்துதான் சொன்னாரோ என்று சந்தேகம் வரும். ஏனென்றால் இந்தச் சர்க்யூட்டுகள் விஷயத்தில் மூளையின் பெரிய வேலைகளில் ஒன்று பிரேக் பிடிப்பது. மூளைத் தண்டிலிருந்து செரோட்டோனின் வழியாக இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தை அடக்கி வைத்திருக்கின்றன. அந்த இணைப்பை அறுத்தால் எலியில் கீழே உள்ள அனிச்சை அடங்குவதில்லை, இன்னும் எளிதாகக் கிளம்புகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை சாப்பிடும் ஆண்களுக்கு உச்சம் தாமதமாவதற்கும் செரோட்டோனின்தான் காரணம். அதைத் தெரிந்துகொள்ளாமல் 'ஆண்மை போச்சு' என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் என் அலுவலகத்திலேயே உண்டு.

மூட்டையாகக் கட்டிய சொல்லுக்கு மார்க்கெட் உண்டு. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நீதிமன்றமும் விலக்கல்ல. பாலியல் வல்லுறவு வழக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவனை 'ஆண்மைப் பரிசோதனை'க்கு அனுப்புவது பல ஆண்டுகளாக நடைமுறை. 'உடலுறவுக்குத் தகுதியற்றவர் என்று கருத முகாந்திரமில்லை' என்ற பொருளில் ஒரு சான்றிதழ் வரும். எந்த மையம், எந்த நரம்பு, எந்த நேரம் என்ற கேள்வியே கிடையாது. 2023 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம், இருவிரல் பரிசோதனையோடு சேர்த்து, விந்து எடுத்துச் செய்யும் இந்தப் பரிசோதனையும் பழங்காலத்து முறை, ரத்த மாதிரி போதும், புதிய நடைமுறை வகுங்கள் என்றது.

இதே மூட்டைக்குள் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்கள் பலர் வாய் திறக்காததற்கு ஒரு காரணம், அப்போது தங்கள் உடம்பு 'பதில் சொல்லியது' என்பது. எஸ்-2 முதல் எஸ்-4 வரையுள்ள சர்க்யூட்டுக்குத் தொடுவது யார் என்று தெரியாது, சம்மதம் என்ற சொல்லும் தெரியாது. பயத்திலும் அருவருப்பிலும்கூட அது வேலை செய்யலாம். இதை ஒரு பையனிடம் பதினான்கு வயதில் யாராவது சொல்லியிருந்தால், முப்பதுவரை அவன் தன்னையே குற்றவாளியாக வைத்திருக்க மாட்டான். போக்சோ சட்டத்தில் பையன்களும் வருகிறார்கள், நல்லது. ஆனால் பழைய 377ஆம் பிரிவு போனதோடு, வயதுவந்த ஆண் மீதான வல்லுறவுக்கென்று ஒரு பிரிவுகூடப் புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆண் விரும்பாமல் அது நடக்குமா என்ற பழைய நக்கல்தான் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

இலக்கியக்காரர்களையும் விடுவதாக இல்லை. சக்கர நாற்காலி ஆண் நம் கதைகளில் எப்படி வருகிறான்? ஒன்று, ஜன்னலோரம் அமர்ந்து ஞானியாகிறான். இல்லையென்றால் மனைவி வேறொருவனோடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உருவகமாகிறான். அவன் உடம்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்று கதை எழுதியவர் ஒரு நாள் விசாரித்திருப்பாரா? 2004இல் தண்டுவடக் காயம் உள்ள 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மேம்படும் என்று கிம் ஆண்டர்சன் கேட்டார். கையும் காலும் போனவர்கள் கை வேண்டும் என்றார்கள். கால் மட்டும் போனவர்களில் அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது நடப்பதற்கு அல்ல, பாலுறவுச் செயல்பாட்டுக்கு. நம் கதைகளில் எல்லாரும் எழுந்து நடக்கத்தான் கனவு காண்கிறார்கள்.

'நோயாளி கேட்டால் சொல்வோம்' என்கிறார்கள் டாக்டர்கள். எட்டுப் பேர் படுத்திருக்கும் வார்டில், பக்கத்தில் அம்மா, எதிரே மாமனார். யார் கேட்பான்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாலியல், இனப்பெருக்க மருத்துவ வசதியை அரசின் பொறுப்பாகவே எழுதியிருக்கிறது. இனப்பெருக்கம் பற்றிய தகவலை அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதும் அதில் வருகிறது. கேட்டால் மட்டும் என்று அதில் இல்லை.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதிவிட்டு அண்ணனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு போன் செய்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ என்னை மிஷின் ஆக்கிட்ட."

"மிருகம்னு நெனச்சுட்டு இருந்தீங்களே அண்ணே, அதுக்கு மிஷின் பரவாயில்லையா?"

"அதுக்காக? கீழ நடக்கிறது எனக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியறது கழுத்து, காது, இந்த நெஞ்சுல காயத்துக்கு மேல ஒரு ரெண்டு விரல் இடம். அங்க தொட்டா முன்னாடி இருந்ததைவிட ஜாஸ்தியா தெரியுது. அதை எந்த சர்க்யூட்ல போடுவ?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்டுவடத்தை வெறும் அனிச்சை இயந்திரமாகக் காட்டிவிடுவது, எல்லாமே மூளை என்பதற்கு நேர் எதிரான அதே சோம்பேறித்தனம். லிஸ்பனில் சம்பலிமோ ஆய்வு மையத்தில் சமீபத்தில் சுண்டெலிகளின் தண்டுவடத்தில் இதே போன்ற அணுக்களைத் தூண்டிப் பார்த்தார்கள். தசை அசைந்தது, விந்து வெளிவரவில்லை. திரும்பத் திரும்பத் தூண்டினால் பதில் மங்கிக்கொண்டே போனது. அந்த அணுக்களை அழித்தபோது கடைசிக் கட்டம் மட்டுமல்ல, புணர்ச்சியின் முழுப் போக்குமே மாறியது. பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிற கருவியாக அது இல்லை. விலங்கின் அப்போதைய நிலையும் அதில் கலந்திருக்கிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே நான் போட்ட கோடு நான் போட்டதுதான்.

அண்ணனுடைய மனைவி ஒன்றரை வருடம் அவருடைய பிறந்த வீட்டில் இருந்தார். அனுப்பக் கூடாது என்று மாமனார் பிடிவாதமாக இருந்தார். காரணம் அந்த வராந்தாப் பேச்சு. பிறகு அவராகவே கிளம்பி வந்துவிட்டார். அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

போன வருடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இரண்டு பக்கத் துண்டுத்தாள் தயாரித்தோம். தமிழில், படத்தோடு. எந்த மட்டத்தில் காயம் என்றால் எது இருக்கும், எது இருக்காது. உடம்பு துடைக்கும்போது என்ன நடக்கலாம், அதற்கு ஏன் யாரும் வெட்கப்பட வேண்டாம். ரத்த அழுத்த ஆபத்து யாருக்கு. குழந்தை வேண்டும் என்றால் யாரைப் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவரிடம் சரிபார்க்கக் கொடுத்து, நூறு பிரதி எடுத்து, ஒரு தண்டுவடக் காய வார்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிசியோதெரபிஸ்ட் அம்மா இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். ரொம்ப அவசியம் தம்பி என்றார். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார்.

கேட்டால் கொடுப்பாராம்.